65,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி: ரெடிமேடாக வாங்குவதா, பாகம் வாங்கிச் சேர்ப்பதா?

நெல்லைச்சீமை:

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் முதலாண்டு படிக்கும் என் மகளுக்கு ஒரு மேசைக் கணினி வாங்க வேண்டும். படிப்புக்கும், பிளெண்டரில் முப்பரிமாண வேலை பழகுவதற்கும், அவளே ஒளிவுமறைவின்றிச் சொன்னபடி முக்கியமாக விளையாடுவதற்கும் அது பயன்பட வேண்டும். வலரண்டும் ஜிடிஏ 5-உம் தடங்கலின்றி ஓட வேண்டும். புதிதாக வரும் விளையாட்டுகள் 1080பி திரையில் நடுத்தர அமைப்பில் ஓடினால் போதும் என்கிறாள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் இருப்பதால் பெட்டிக்கு மட்டும் 65,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அவசியமானால் இரண்டு மூன்றாயிரம் கூடலாம்.

இணையக் கடை ஒன்றில் 'ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்ற விளம்பரத்தோடு, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குமாக ஒரு கேமிங் பெட்டியை 32,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். பெயர்பெற்ற நிறுவனமொன்றின் ரெடிமேட் கணினிக்கு 68,000 சொல்கிறார்கள். அதில் ஐ5 12400எஃப் பிராசஸரும் 8 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டும் இருக்கின்றன. மகளின் தோழர்களோ பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே சேர்த்துவிடலாம் என்கிறார்கள். ஐ7 பாதி விலைக்கும் ஐ5 இரட்டை விலைக்கும் எப்படி விற்கிறது என்பதே எனக்கு விளங்கவில்லை.

பழைய_சில்லு:

முதல் பெட்டியை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், ஐயா. ஐ7 என்ற பெயரில் இன்டெல் 2008 முதல் பிராசஸர்களை விற்றுவருகிறது. தலைமுறை எண்ணைச் சொல்லாமல் ஐ7 என்று மட்டும் விளம்பரம் செய்பவர் பெரும்பாலும் 2011-இல் வந்த ஐ7 2600-ஐயோ, 2012-இல் வந்த ஐ7 3770-ஐயோதான் உள்ளே வைத்திருப்பார். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளிலிருந்து எடுத்த பிராசஸரைப் பெயர் தெரியாத ஒரு எச்61 மதர்போர்டில் பொருத்தி, புதுக் கேபினெட்டில் அடைத்துவிட்டால் அது 'புதிய கேமிங் பிசி' ஆகிவிடுகிறது.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியலில், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பிராசஸர்கள் இடம்பெற்றிருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வலரண்ட் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். போதாக்குறைக்கு, ஐ7 2600, 3770 ஆகியவை சார்ந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது. அது 2013-இல் நான்காம் தலைமுறையோடு வந்தது. சில புதிய விளையாட்டுகள் அது இல்லாத பிராசஸரில் தொடங்கவே மறுக்கும்.

'4 ஜிபி கார்டு' என்பதும் இதே வித்தைதான். 2014-இல் வந்த ஜிடி 730 கார்டில் 4 ஜிபி நினைவகம் வைத்தாலும் அதன் வேகம் கூடாது. அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை சார்ந்த கெப்ளர் வரிசைக்குப் புதிய விளையாட்டு டிரைவர்கள் தருவதை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. 32,000 ரூபாய்க்கு அது மலிவு அன்று, மிக விலை கூடிய பழைய கணினி.

மின்வழங்கி:

முதல் பெட்டியில் பழைய_சில்லு சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டாவதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது ஏமாற்று வேலை அன்று. நேர்மையான பொருள்தான், ஆனால் எதைக் காட்டி எதைக் காட்டாமல் விலை வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாமல் வாங்கக் கூடாத பொருள்.

விளம்பர அட்டையில் வாங்குபவரின் கண் தேடுவது பிராசஸரின் பெயர், ரேமின் அளவு, எஸ்எஸ்டியின் அளவு, கார்டின் பெயர் ஆகியவற்றைத்தான். மதர்போர்டு எது, பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், ரேம் ஒரு துண்டா இரு துண்டா, கேபினெட்டுக்குள் காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பவற்றை அட்டை சொல்வதில்லை. செலவைக் குறைக்க நினைக்கும் எவரும் கண்ணில் படாத இடத்தில்தான் கை வைப்பார்.

கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் வேறுபட்ட கார்டுகள் விற்கப்படுகின்றன. 2022 ஜனவரியில் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கூடா (CUDA) கோர்களும், அதாவது கணக்கிடும் அலகுகளும், 128 பிட் நினைவகப் பாதையும் உண்டு. அது 130 வாட் வரை இழுக்கும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2304 ஆகவும் பாதை 96 பிட்டாகவும் குறைந்துவிட்டன. அது இழுப்பது 70 வாட்தான். குறைந்திருப்பது 2 ஜிபி மட்டுமே என்று நினைத்து வாங்குபவர்கள் பலர். கார்டைச் செருகும் மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் இந்தக் கார்டுக்குத் தனி மின்கேபிளே தேவையில்லை. ஆகவே அலுவலகக் கணினிக்குப் போடும் அதே சிறிய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்தே தயாரிப்பாளர் 'கேமிங்' என்று எழுதிவிட முடிகிறது.

இன்று அது ஓடும். சிக்கல் இரண்டு ஆண்டுகள் கழித்து வரும். உங்கள் மகள் பெரிய கார்டு ஒன்றைப் போட நினைக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கும். டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பு வழக்கமான 24 முனை ஏடிஎக்ஸ் இணைப்பாக இல்லாமல் அவர்களுக்கே உரிய வடிவில் இருப்பதால், கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் அப்படியே பொருந்தாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப்போய் மதர்போர்டையும் மாற்ற நேர்ந்து, மதர்போர்டை மாற்றப்போய்க் கேபினெட்டின் திருகுத் துளைகள் ஒத்துவராமல் போனால், கடைசியில் மிஞ்சுவது பிராசஸரும் ரேமும் எஸ்எஸ்டியும்தான்.

8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருந்தால் நினைவகத்தின் இரு வாயில்களில் ஒன்று மட்டுமே வேலை செய்யும். அளவும் போதாது, அகலமும் போதாது. இன்றைய விளையாட்டுகளுக்கு 16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக, குறைந்தபட்சத் தேவை என்று கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:

ரெடிமேட் என்றாலே இளக்காரமாகப் பேசும் வழக்கம் இணையத்தில் வேரூன்றிவிட்டது. மின்வழங்கி சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. கணக்கின் மறுபக்கத்தையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், சில்லறைக் கடையில் ரேம் விலை இரு மடங்குக்கும் மேல் ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் என்ற சில்லறைப் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய கணினி நிறுவனங்கள் நினைவகத்தை ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்குபவை; விலையேற்றம் அவர்களுடைய பெட்டிக்கு வந்து சேரக் காலம் பிடிக்கும், கடையில் ஒற்றைத் துண்டு வாங்குபவரையோ மறுவாரமே தாக்கும். 2021-இல் எதீரியம் என்ற மின்நாணயத்தைக் கணினிக் கணக்கீட்டால் 'தோண்டி' ஈட்டுவோர் கார்டுகளை வாரிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் நடந்தது. அப்போது கார்டைத் தனியாக வாங்குவதைவிட முழுக் கணினியாக வாங்கியவர்களே பலமுறை பிழைத்தார்கள்.

விண்டோஸ் உரிமத்தையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ரெடிமேட் பெட்டியின் விலையில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். தனியாக முறைப்படி வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். லினக்ஸில் பல விளையாட்டுகள் இப்போது நன்றாக ஓடினாலும், ஐயாவின் மகள் முதலில் கேட்ட வலரண்ட் அதில் ஓடாது. வரியிலும் ஆதாயம் இல்லை; முழுக் கணினிக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமே. பாகம் வாங்கிச் சேர்த்தால் பாதி விலையில் முடியும் என்பது பழைய காலத்துக் கதை.

ஆகவே, அதே நிறுவனத்தின் பட்டியலில் 16 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டும் உள்ள பெட்டி தள்ளுபடியில் அகப்பட்டால், யோசிக்காமல் வாங்கலாம். 115 வாட் இழுக்கும் அந்தக் கார்டுக்குத் தனி மின்கேபிள் தந்தே ஆக வேண்டும் என்பதால், எஸ்எம்பிஎஸ் விஷயத்திலும் தயாரிப்பாளர் ஓரளவு ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

கூவம்_இக்கரை:

இருவரும் இரண்டு கரையில் நின்று பேசுகிறீர்கள். அமெரிக்க யூடியூபர்கள் சொல்லும் 'வாங்குவதா, கட்டுவதா' என்ற கேள்வி நம் ஊரில் அப்படியே எழுவதில்லை. நம்மிடம் மூன்றாவதாக ஒரு வழி நெடுங்காலமாக இருக்கிறது: பட்டியலை நாம் கொடுக்க, கடைக்காரர் பாகங்களை எடுத்து, நம் கண்முன்னே சேர்த்து, ஓட்டிக் காட்டிக் கொடுக்கும் அசெம்பிள்டு கணினி. சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்பி ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ் எல்லாம் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. சேர்ப்பதற்குக் கடைக்காரர் சிறு தொகை கேட்பார், அல்லது எல்லாப் பாகத்தையும் அவரிடமே வாங்கினால் அதையும் கேட்க மாட்டார்.

ஸ்குரூடிரைவரை யார் பிடிக்கிறார்கள் என்பது சின்ன விஷயம். பட்டியலை யார் எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஐ5, 16 ஜிபி, 6 ஜிபி கார்டு போட்டு ஒரு கொட்டேஷன் கொடுங்கள்' என்று கேட்டால், ரெடிமேட் தயாரிப்பாளர் செய்யும் அதே வேலையைக் கடைக்காரரும் செய்வார்: கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ், அடிமட்ட மதர்போர்டு, ஒற்றைத் துண்டு ரேம். மாறாக, ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனம், மாடல் எண் வரை எழுதிக்கொண்டு போனால் அவர் விலையை மட்டும்தான் பேச முடியும். அப்போதும் "அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டாக் இல்லை சார், இதுவும் அதே மாதிரிதான்" என்ற பேச்சு வரும். அந்த இடத்தில் அடுத்த கடைக்கு நடந்துவிட வேண்டும். நாலு கடை ஏறி இறங்கச் சோம்பல்படுபவர்கள் ரெடிமேட் வாங்குவதே மேல் என்று நான் நினைக்கிறேன்; இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

நெல்லைச்சீமை:

எல்லோருக்கும் நன்றி. முதல் பெட்டியை விட்டுவிட்டேன். எனக்குள்ள தயக்கம் பழுது பற்றியது. ரெடிமேட் என்றால் ஒரே எண்ணுக்கு அழைத்தால் வீட்டுக்கே ஆள் வருகிறார். பாகங்களாக வாங்கினால், ஒருநாள் திரை வராமல் போகும்போது எந்தப் பாகம் கெட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏழு பாகத்துக்கு ஏழு நிறுவனத்தின் வாசலில் நான் நிற்க முடியுமா?

பாளை_மேட்டுத்திடல்:

அண்ணாச்சி, நானும் நம்ம ஊர்தான். உங்கள் தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ரெடிமேடில் பெரும்பாலும் ஓர் ஆண்டு வாரண்டி. அந்த ஆண்டுக்குள் அவர்கள் தரும் சேவை பாகங்கள் வாங்கியவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து எல்லாம் உங்கள் கைக்காசு. தனிப் பாகங்களுக்கோ வாரண்டி நீளம்: பெட்டியோடு விற்கும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு மூன்றாண்டு, கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாண்டு, தரமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதற்கும் மேல். 'டிரே' என்று சொல்லி அட்டைப்பெட்டி இல்லாத பிராசஸரைச் சற்று மலிவாகத் தருவார்கள். அதற்குத் தயாரிப்பாளரின் அந்த மூன்றாண்டு வாரண்டி கிடையாது.

எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. எல்லாவற்றையும் ஒரே கடையில், நம் ஊரிலோ மதுரையிலோ, வாங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் வைத்துவிடலாம். மாற்றிப் போட்டுப் பார்க்க அவரிடம் வேறு பாகங்கள் இருக்கும். இணையத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் வாங்கினால் அந்த வசதி போய்விடும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் செட் 1' என்று ஒரே வரியில் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது.

கடைக்காரர் கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னையில் வாங்கிய பொருளுக்குச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

மின்வழங்கி:

பழுதைப் பற்றிப் பேச்சு வந்ததால், பழுதுக்கு நம் ஊரில் உள்ள முதல் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் '80 பிளஸ் பிரான்ஸ்' என்று ஒட்டியிருந்தால் அது மின்சாரத்தை வீணாக்காத அளவைத்தான் குறிக்கிறது. உயர்மின்னழுத்தம், குறுஞ்சுற்று ஆகியவற்றிலிருந்து காப்பாற்றும் சுற்றுகள் தரமானவையா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதனால் முத்திரையைப் பார்த்து வாங்காமல், பிரித்துச் சோதித்து எழுதிய விமர்சனம் உள்ள மாடலாகத் தேடுங்கள். வாட் அளவில் பேராசை வேண்டாம். உதாரணத்துக்கு, ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர் அதிகபட்சம் 76 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மற்றவை எல்லாம் சேர்ந்து ஐம்பதைத் தொட்டால் அதிகம். 260 வாட்டுக்குப் பெயர் தெரியாத 750 வாட் பெட்டியைவிட நல்ல 500 வாட் பெட்டி மேல்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி யுபிஎஸ் வாங்காமல் விடுபவர்களுக்கு: மின்சாரம் நின்றபின் 16, 17 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பதுதான் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்களுக்கான விதி. இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்ற நிலையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், கணினி அணைந்துவிடும். தனி யுபிஎஸ் வாங்கினால் 600 விஏ போதாது; அவற்றில் பல 360 வாட்தான் தரும், மானிட்டரும் சேர்ந்தால் மூச்சுத் திணறும்.

இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று எழுதுபவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்: அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்றிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் போக வழியின்றி இரும்புப் பெட்டியில் நிற்கிறது. கணினி எதுவானாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

நெல்லைச்சீமை:

அப்பாவின் கணக்கிலிருந்து மகள் எழுதுகிறேன். எல்லோருடைய பதிலையும் இருவரும் சேர்ந்தே படித்தோம். பட்டியல் போட்டு மதுரைக் கடை ஒன்றில் விலை கேட்டோம்: ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 இரண்டு துண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், முன்புறம் வலைபோட்ட கேபினெட். விண்டோஸ் இல்லாமல் 62,500 ரூபாய். 5600-க்குப் பதிலாக 5500 அல்லது 5600ஜி போட்டால் குறையும் என்றும் சொன்னார். பிளெண்டருக்கு என்விடியா கார்டு இருந்தே ஆக வேண்டும் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா? கடையில் சேர்க்கும் வேலையை நானே செய்து பார்க்கலாமா?

பழைய_சில்லு:

5600-ஐ மாற்ற வேண்டாம், தங்கையே. பெயர் நெருக்கமாக இருந்தாலும் 5500-உம் 5600ஜி-யும் எல்3 கேஷில், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகத்தில், பாதிதான், 32-க்குப் பதில் 16 எம்பி. கார்டோடு இணைக்கும் பிசிஐ பாதையில் அவை பழைய 3.0 வேகம் வரைதான் பேசும். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேன் (தரவுத் தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு என்பதால், 4.0 கிடைப்பது அதற்குச் சில விளையாட்டுகளில் உதவும். அதே காரணத்துக்காகப் பி450-ஐ விட்டுப் பி550 போர்டு கேளுங்கள். பி450 கார்டுக்கு 3.0 வேகம்தான் தரும். கூடுதல் தொகை பெரிதாக இருக்காது.

பிளெண்டர் பற்றி உங்கள் சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கில், அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதில், என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழி, ஏஎம்டியின் ஹிப் வழியைவிட வேகமானது. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0-இலிருந்து ஏஎம்டி கார்டுகளுக்கு ஹிப் வந்துவிட்டதால் ஆர்எக்ஸ் 6600-இல் வேலை நடக்காமல் இல்லை, நேரம் கூடும், அவ்வளவுதான். பழகுவதற்கு அது தடையாகாது. ரெண்டரிங்தான் முக்கியம் என்று முடிவானால், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி அந்த விலைக்கு அருகில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 12 ஜிபி என்பதை அழுத்திச் சொல்லுங்கள், அதே பெயரில் பாதை குறைந்த 8 ஜிபி கார்டும் உண்டு. விளையாட்டு முதலில் என்றால் ஆர்எக்ஸ் 6600. 3050-இன் இரு வகைகளையும் அது தெளிவாக முந்தும். எக்காரணம் கொண்டும் பழைய ஆர்எக்ஸ் 580 பக்கம் போகாதீர்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டுவது நின்றபின் சந்தையில் கொட்டிய கார்டுகள் இன்னும் புதுப் பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கூவம்_இக்கரை:

நீங்களே சேர்க்கலாம், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது சேர்ப்பது இன்னும் நல்லது. 5600 போன்ற ஏஎம்4 வகைப் பிராசஸரில் முனைகள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. மூலையில் உள்ள முக்கோணக் குறி ஒத்து வந்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. முனை வளைந்தால் வாரண்டி கிடையாது. ரேம் துண்டுகளை, போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் 3200 ரேம் 2400, 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சேர்த்துக்கொடுக்கும் கடைகளும் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மாற்றிச் செருகினால் திரையே வராது, கணினி கெட்டுவிட்டது என்று அப்பா பதறுவார்.

நொய்யல்கரை:

பட்டியல் நன்றாக இருக்கிறது. இந்த விலைக்கு அந்த 68,000 ரூபாய் ரெடிமேடைப் பரிந்துரைக்க என்னிடம் காரணம் இல்லை. விண்டோஸை மறந்துவிடாதீர்கள். பி550 போர்டுக்கான கூடுதல் தொகையும் உரிமமும் சேர்ந்தால் 65,000-ஐத் தாண்டிவிடும். அப்பா சொன்ன இரண்டு மூன்றாயிரத்துக்குள் அடங்காவிட்டால் கேபினெட்டில் குறையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் குறைக்காதீர்கள். கல்லூரி வழியாக மாணவர்களுக்கு உரிமம் கிடைக்கிறதா என்று உங்கள் துறை ஆய்வகத்தில் முதலில் விசாரியுங்கள்.

பாளை_மேட்டுத்திடல்:

கொட்டேஷனை எழுத்தில் வாங்கி, அது எத்தனை நாள் செல்லும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. ரேம் விலை ஏறுகிற காலத்தில் திங்கட்கிழமை சொன்ன விலை வெள்ளிக்கிழமை நிற்காது. முன்பணம் கொடுப்பதானால் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் மட்டும் கொடுத்து, சீரியல் எண்ணோடு பில் போட்டு எடுத்துவைக்கச் சொல்லலாம்.